நிறுவுவது எளிது, புரிந்துகொள்வதே வேலை

லினக்ஸ் கணினியில் வால்கிரைண்ட் என்ற நிரல் ஆய்வுக் கருவியை நிறுவ ஒரே ஒரு கட்டளை போதும். 2002-இல் ஜூலியன் சீவார்ட் வெளியிட்ட இந்த இலவசக் கருவி, சி, சி++ நிரல்கள் ஓடும்போதே அவற்றைக் கண்காணிக்கிறது. மதிப்பு இடாத நினைவகத்தை நிரல் எங்கே பயன்படுத்துகிறது, வாங்கிய இடத்தை எங்கே திருப்பித் தராமல் விடுகிறது என்று சொல்லிவிடும். பிழைத்திருத்தத் தகவலுடன் தொகுத்த நிரல் என்றால் வரி எண்ணையே காட்டும். நிரலின் வேகம் 20, 30 மடங்கு குறைகிறதே என்பார்கள். உண்மைதான், ஆனால் அந்தத் தாமதம் சோதனையின்போது மட்டுமே, பயனர் கைக்குப் போகும் நிரலில் இல்லை.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. 2006-இல் டெபியன் என்ற லினக்ஸ் வகையில், இக்கருவி தந்த எச்சரிக்கையை நிறுத்துவதற்காக, ஓபன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க நிரலில் சாவிகளுக்குத் தற்செயல்தன்மை சேர்க்கும் வரிகள் நீக்கப்பட்டன. அதனால் ஒவ்வொரு வகையிலும் ஏறக்குறைய 32,000 மறையாக்கச் சாவிகளே உருவாகக்கூடியதாயிற்று; திருடர்கள் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தே திறந்துவிடலாம். 2008-இல்தான் இது வெளியே தெரிந்தது. கருவியே கேடு செய்தது என்று இதற்குப் பொருளல்ல. அது சந்தேகத்தைத்தான் எழுப்பியது; அந்த வரிகள் எதற்காக இருக்கின்றன என்று முழுமையாக விளங்கிக்கொள்ளாமல் நீக்கியதே தவறு. ஆகவே நிரல் எழுதும் ஒவ்வொருவரும் இக்கருவியை நிறுவ வேண்டும். காரணம் விளங்கும்வரை எந்த எச்சரிக்கையின் வாயையும் அடைக்கக் கூடாது.