மலட்டு மீனும் முட்டையின் உரிமையும்

நோர்வேயின் வளர்ப்புச் சல்மன், 1970களில் ஏறக்குறைய 40 ஆறுகளின் மீன்களிலிருந்து தெரிந்தெடுத்து இனம்பெருக்கப்பட்டது. விரைந்து வளரவென உருவான இம்மீன் கூட்டிலிருந்து தப்பி, ஆற்றிலேறி இயற்கைச் சல்மனோடு கலக்கிறது. அக்கலப்பில் பிறப்பவை ஆற்றில் பிழைப்பது குறைவு. ஆகவே ஆய்வாளர் மலட்டு மீனைத் தேடுகின்றனர். கருக்கட்டிய முட்டையை உடனே அழுத்தத்துக்கு உள்ளாக்கினால் நிறமூர்த்தத் தொகுதி மூன்றாகி மீன் மலடாகும். ஆனால் எலும்புக் குறைபாடுகள் கூடுகின்றன. 'டெட் எண்ட்' மரபணுவை முடக்கினால் முட்டைக்கும் விந்துக்கும் மூலமான கலங்களே இல்லாதுபோகும் எனப் பேர்கன் கடலாய்வு நிறுவனத்தினர் 2016இல் காட்டினர்.

ஆற்றுக்கு இது நன்மையே. என் கேள்வி வேறு: இனப்பெருக்கும் ஆற்றலை மீனிடமிருந்து எடுத்தபின் அது யாரிடம் சேர்கிறது? விதைநெல்லைக் கம்பனியிடம் பறிகொடுத்த விவசாயியை நாமறிவோம். மலடாக்குவதை ஆதரிப்போர் முட்டையின் உடைமை பற்றியும் பேசியாகவேண்டும்.