பரங்கிப்பேட்டை இரும்பாலை

தமிழகத்தின் கடலூர் மாவட்டத்தில், வெள்ளாறு கடலொடு கலக்குமிடத்தே பரங்கிப்பேட்டை உள்ளது. 1781 இல் ஹைதர் அலி ஆங்கிலேயரோடு பொருத களமென்றே மாணவர் அதனை அறிவர். அங்கே 1830 அளவில், கும்பெனியின் முன்னாள் உத்தியோகத்தரான ஜோசையா மார்ஷல் ஹீத் இரும்பாலை நிறுவினார். சேலத்து இரும்புக்கல் ஆற்றுவழியே ஓடங்களில் வந்தது. உலைக்கு வேண்டிய கரிக்காகக் காடுகள் வெட்டுண்டன. வார்த்த இரும்பு இங்கிலாந்து சென்றது. ஆயினும் காடு குறையக் குறையக் கரி அரிதாயிற்று; செலவும் மிகுந்தது. அந்நூற்றாண்டு முடியுமுன்னரே உலை அணைந்தது.

ஊரோ அழியவில்லை. மீனவரும், மரக்காயர் எனப்படும் முஸ்லிம் வணிகரும் கடலை நம்பி வாழ்ந்தனர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடலுயிரியல் ஆய்வு நிலையமும் இன்று அங்குண்டு.

எரித்ததை மீள வளர்க்காத தொழில் நிலையாது என்பதே இவ்வூர் வரலாற்றில் யான் காணும் பாடம்.