புகையைக் குறைக்கும் வழி வெயிலில் இருக்கிறது!

கேஸ் சிலிண்டர் வந்த பிறகும் கிராமத்து வீடுகளில் விறகடுப்பு முழுசாக அணைந்துவிடவில்லை. குளிக்க வெந்நீர் போட, நெல் அவிக்க, விசேஷ வீட்டுச் சமையலுக்கு என்று ஏதோ ஒரு வேலைக்கு அது எரிந்துகொண்டுதான் இருக்கிறது. அடுப்பு ஊதுபவரின் கண்ணீரும் நிற்கவில்லை. வீட்டுக்குள் சூழும் அடுப்புப் புகை, 2020-ல் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 32 லட்சம் உயிர்களைப் பறித்தது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

இந்தப் புகையைக் கூட்டுவதில், விறகுக்குள் இருக்கும் ஈரத்துக்கும் பங்கு உண்டு. அன்று வெட்டிய பச்சை மரத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை தண்ணீர்தான். 10 கிலோ பச்சை விறகு வாங்கினால், அதில் மூன்று முதல் ஐந்து கிலோ வரை தண்ணீருக்கும் சேர்த்தே காசு கொடுக்கிறோம். அந்தத் தண்ணீர் ஆவியாகி வெளியேறும் வரை நெருப்புக்குச் சூடு ஏறாது. அரைகுறையாக எரியும் மரம் புகையாகக் கக்கும்.

ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கம் விறகு என்றாலே சீமைக்கருவேலம்தான். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த இந்த மரம், கண்மாய், தரிசு என்று எல்லா இடத்தையும் பிடித்துக்கொண்டது. இதை ஒழிக்கச் சொல்லி நீதிமன்றமே உத்தரவிட்டிருக்கிறது. ஆனால், நின்று எரிவதில் இதன் கட்டைக்கு ஈடு குறைவு. அதனால்தான் கரிமூட்டத்துக்கும் இதையே தேடுகிறார்கள்.

வெட்டும்போது

முதலில் அரிவாளால் முள் கிளைகளைக் கழித்து, கவைக்கம்பால் தள்ளி ஒதுக்குங்கள். கனமான செருப்பு கட்டாயம். இதன் முள் சாதாரணச் செருப்பைத் துளைத்துவிடும். மரத்தை மேலோடு வெட்டினால் மறுபடி தளிர்க்கும். நிலம் சுத்தமாக வேண்டுமென்றால் தூரோடு தோண்டி எடுக்க வேண்டும். கண்மாய், புறம்போக்கில் நிற்கும் மரத்தில் அனுமதியில்லாமல் கை வைக்கக் கூடாது.

பிளக்கும்போது

‘காயட்டும், அப்புறம் பிளக்கலாம்’ என்று தள்ளிப்போடாதீர்கள். பட்டை, ஈரத்தை வெளியே விடாமல் போர்த்தி வைத்திருக்கும். பச்சையாக இருக்கும்போதே ஒன்றரை அடி நீளத்துக்குத் துண்டு போட்டு, மணிக்கட்டு கனத்துக்குப் பிளந்துவிடுங்கள். இந்த மரம் முறுக்கியே வளரும். கணுவில் கோடாலியைப் போட்டால் மாட்டிக்கொள்ளும். கட்டையின் முகத்தில் விரிசல் ஓடும் இடம் பார்த்து அடியுங்கள். முரண்டு பிடிக்கும் கட்டைக்கு ஆப்பும் சம்மட்டியும்தான் சரி.

அடுக்கும்போது

மண்ணில் நேராகப் போட்டால் கரையான் பிடிக்கும், அடி விறகு ஈரம் இழுக்கும். கல் வைத்து, அதன் மேல் ஒரு வரிசை நீளவாக்கில், அடுத்த வரிசை குறுக்கே என்று இடைவெளி விட்டு அடுக்குங்கள். காற்று புகுந்து வெளியேற வேண்டும். மழைக்கு மேலே மட்டும் தகரமோ தார்ப்பாயோ போதும். சுற்றிலும் மூடினால் விறகு வியர்த்துப் பூஞ்சை பூக்கும். அடுக்கில் தேளும் பாம்பும் குடியேறும் என்பதால், வெறும் கையை உள்ளே விடாதீர்கள்.

மாசி, பங்குனியில் வெட்டிப் பிளந்தால் சித்திரை, வைகாசி வெயில் மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஐப்பசி அடைமழைக்கு விறகு தயாராக இருக்கும்.

காய்ந்ததா?

இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். ‘டங்’ என்று கேட்டால் காய்ந்தது. ‘தொப்’ என்றால் ஈரம் இருக்கிறது. முகத்தில் வெடிப்பு விழுந்திருக்கும், பட்டை தானாகக் கழன்று வரும். சந்தேகம் என்றால், ஒரே கட்டையை வாரம் ஒருமுறை தராசில் வையுங்கள். எடை குறைவது நின்றால், அடுப்புக்கு எடுக்கலாம்.

காய்ந்த விறகிலும் புகை கொஞ்சம் இருக்கவே செய்யும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். அடுப்படியில் நிற்பவர் யாராக இருந்தாலும், அவருக்கு மூச்சு முக்கியம்.