மெழுகில் விழுந்த துளை

1998 மே 19. அமெரிக்காவில் பேஜர்கள் ஒரே நேரத்தில் ஊமையாகிப்போயின. அவசர அழைப்புக்காக அவற்றை இடுப்பில் செருகியிருந்த மருத்துவர்களுக்குச் செய்தி எட்டவில்லை. வானொலி நிலையங்கள் பலவற்றுக்கு நிகழ்ச்சிகள் வந்து சேரவில்லை. சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நின்ற கேலக்ஸி 4 என்ற ஒரே ஒரு செயற்கைக்கோள், கட்டுப்பாட்டுக் கணினி செயலிழந்து, பூமியைப் பார்த்த முகத்தைத் திருப்பிக்கொண்டதன் விளைவு இது.

முதலில் பழி சூரியன் மீது விழுந்தது. அந்த நாட்களில் விண்வெளியில் கதிர்வீச்சு கூடியிருந்தது. ஆனால் பின்னர் சந்தேகம் வேறு பக்கம் திரும்பியது: தூய வெள்ளீயப் பூச்சிலிருந்து தானாக முளைக்கும் நுண்ணிழை. ‘டின் விஸ்கர்’ என்பார்கள். தடிமன் சில மைக்ரான்தான். நீளமோ மில்லிமீட்டர் கணக்கில் போகும். பக்கத்திலிருக்கும் முனையைத் தொட்டால் ஷார்ட் சர்க்யூட்.

இந்த இழையைத் தடுக்கும் மேல்பூச்சு கேலக்ஸி 4-இலும் இருந்தது. ஆனால் செயற்கைக்கோளைக் கட்டும்போதே அந்த மெழுகுப் பூச்சில் ஓர் இடம் விடுபட்டுப்போயிருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது. இழை அந்த வழியாக வெளியே வந்திருக்கலாம். பிறகு தயாரிப்பாளரான ஹியூஸ் நிறுவனம், எடை கூடினாலும் பரவாயில்லை என்று வெள்ளீயத்தை விட்டு நிக்கல் முலாமுக்கு மாறியது.

விடுபட்ட அந்த இடத்தைச் செயற்கைக்கோள் பறப்பதற்கு முன்பே பார்த்திருக்க முடியாதா? சர்க்யூட் போர்டுகளுக்குப் பூசும் அக்ரிலிக், யூரித்தேன், சிலிக்கோன் பெரும்பாலும் நிறமற்றவை. அக்ரிலிக், யூரித்தேன் பூச்சுகளுக்குத் தொழில்தரம் சொல்லும் தடிமன் 30 முதல் 130 மைக்ரான். சாதாரண வெளிச்சத்தில் பூசிய இடமும் பூசாத இடமும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். அதனால் பூச்சுத் திரவத்தில் ஒளிரும் சாயம் ஒன்றைக் கலக்கிறார்கள். இருட்டறையில் புற ஊதா விளக்கைக் காட்டினால் பூச்சு நீலமாக ஒளிரும். ஒளிராத இடம் கறுப்பாக நிற்கும்.

அந்த இருட்டறையில் உட்கார்ந்திருப்பவரின் வேலை எளிதல்ல. குமிழி, ஊசித்துளை, விரிசல், மேற்பரப்பில் ஆரஞ்சுத் தோல் போன்ற சொரசொரப்பு ஆகியவற்றையெல்லாம் தேட வேண்டும். பற்றவைக்கும்போது தடவிக் கழுவாமல் விட்ட ஃப்ளக்ஸ் கறையோ கைரேகை எண்ணெயோ இருந்தால் திரவம் ஒட்டாமல் விலகி நிற்கும். கனெக்டர்களுக்குள் பூச்சு புகுந்துவிட்டால் அதுவும் குறைதான். ஃப்ளக்ஸ் மிச்சமே சில சமயம் ஒளிர்ந்து ஏமாற்றும்.

எல்லாவற்றையும்விடக் கெட்டிக்காரத்தனமாக ஒளிந்துகொள்வது விளிம்புக் குறை. ஈரப் பூச்சு தன் பரப்பு இழுவிசையால் கூர்மையான உலோக விளிம்பை விட்டு விலகி, பாகங்களின் உலோகக் கால்களுக்கு இடையே உள்ள பள்ளத்தில் போய்த் தேங்கும். தேங்கிய இடம் பிரகாசமாக மின்னுவதால் பார்ப்பவருக்குத் திருப்தி ஏற்படும். விளிம்பில் ஒளி மங்கியிருக்கும். ஆனால் தடிமன் எவ்வளவு என்று அந்த ஒளி சொல்லாது. இழை முளைப்பதோ அந்த உலோகக் கால்களில்தான். நாசாவின் கோடார்ட் மையத்தில் நடந்த நீண்ட காலச் சோதனைகளில், சுமார் 50 மைக்ரான் யூரித்தேன் பூச்சின் கீழ் முளைத்த இழைகள் அதை முட்டித் தூக்கினவே தவிரத் துளைக்கவில்லை. மெலிந்த இடங்களில் துளைத்து வெளிவந்தன.

2006 ஜூலை முதல் ஐரோப்பிய விதி பெரும்பாலான மின்னணுப் பொருட்களிலிருந்து ஈயத்தை விலக்கியது. வெள்ளீயத்தில் கொஞ்சம் ஈயம் கலந்தால் இழை அடங்கும் என்பது பழைய பாதுகாப்பு. நஞ்சான ஈயத்தை விலக்கியது சரியான முடிவுதான். ஆனால் அதன்பின் பூச்சைச் சோதிப்பவரின் பொறுப்பு பல மடங்கு கூடிவிட்டது என்பதைத் தொழிற்சாலைகள் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

தடிமனை அளக்கப் பல இடங்களில் போர்டுடன் சேர்த்து ஒரு தட்டையான சோதனைத் தகட்டிலும் பூசி, அதை அளந்து கணக்கில் எழுதுகிறார்கள். தட்டையான தகட்டுக்கு கூரிய விளிம்புள்ள கால்கள் இல்லையே! ஆகவே மாதிரிக்கு ஒரு போர்டைப் பலியிட்டு, பிசினில் பதித்து, குறுக்கே வெட்டி, மெருகேற்றி, நுண்ணோக்கியில் கால் முனையின் பூச்சை நேரடியாக அளப்பதே நம்பகமான வழி. செலவு பிடிக்கும், ஒரு போர்டு வீணாகும். உயிர் காக்கும் கருவிகளிலும் விண்கலங்களிலும் அந்தச் செலவைத் தவிர்க்கக் கூடாது.

திரவமாக இல்லாமல் ஆவியாகப் படிந்து மூலைமுடுக்கெல்லாம் ஒரே சீராக மூடும் பாரிலீன் பூச்சு, வழக்கமாகப் புற ஊதா ஒளியில் ஒளிர்வதே இல்லை. அதை எப்படிச் சோதிக்கிறார்கள் என்பதை அடுத்த இதழில் பார்க்கலாம்.