ஹார்ட் டிஸ்க் திறக்கவில்லையா? முதல் ஒரு மணி நேரத்தில் செய்ய வேண்டியதும் செய்யக் கூடாததும்

சென்ற ரமளானுக்குச் சில நாட்கள் முன்பு, அஸர் தொழுகை முடிந்து நாம் வெளியே வரும்போது மஹல்லாவைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் கைக்குட்டையில் சுற்றிய ஒரு பொருளோடு காத்திருந்தார். பிரித்தால், ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க். "வாப்பா குரல் இதுல மட்டும்தான் இருக்கு ஹஜ்ரத்" என்றார்.

அவருடைய தந்தை வளைகுடாவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். கடிதம் எழுதுவதற்குப் பதிலாகக் கேசட்டில் பேசி ஊருக்கு அனுப்புவார். அப்படி வந்த பதினோரு கேசட்டுகளையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, வீடு மாறும்போது கேசட்டுகளைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். இப்போது ஹார்ட் டிஸ்க் திறக்கவில்லை. மச்சான் மகன் ஏதோ ஒரு மென்பொருளை இறக்கி இரவு முழுக்க ஓடவிட்டிருக்கிறார். காலையில் 'டிக், டிக்' என்று சத்தம் வர ஆரம்பித்துவிட்டது.

ஹார்ட் டிஸ்க் பழுதாகும்போது பல நேரங்களில் தகவல் அழிந்திருப்பதில்லை. பதற்றத்தில் நாம் செய்யும் காரியங்கள்தாம் மீட்கக்கூடியதை மீட்க முடியாததாக ஆக்குகின்றன. ஆகவே இதை ஒவ்வொரு குடும்பமும் ஓரளவு அறிந்திருப்பது நல்லது.

உள்ளே என்ன இருக்கிறது?

ஹார்ட் டிஸ்கின் உள்ளே கண்ணாடி போல் பளபளக்கும் வட்டத் தகடுகள் இருக்கின்றன. எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்குகளில் பெரும்பாலும் இவை நிமிடத்துக்கு 5,400 முறை சுழல்கின்றன. தகவலைப் படிக்கும் முனை இந்தத் தகட்டைத் தொடுவதில்லை; ஒரு சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. நம் தலைமுடியின் தடிமனில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்று சொன்னால் அந்த இடைவெளி ஓரளவு புரியும். சுழன்று கொண்டிருக்கும்போது கீழே விழுந்தால் முனை தகட்டில் மோதும். தகட்டில் விழும் கீறல், அங்கிருந்த தகவலை எடுத்துக்கொண்டு போய்விடும்.

முதலில் காது கொடுங்கள்

கேபிளைச் செருகியதும் வரும் சத்தத்தைக் கவனியுங்கள். மெல்லிய, சீரான சுழற்சி ஒலி கேட்டால் நம்பிக்கைக்கு நிறைய இடம் உண்டு. 'டிக், டிக்' என்று தட்டுவது, உரசுவது, சுழல முயன்று நின்றுபோவது, 'பீப்' ஒலி போன்றவை கேட்டால் உடனே கேபிளை எடுத்துவிடுங்கள். இன்னொரு முறை செருகிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். மின்சாரம் போதாமலும் இந்தச் சத்தங்கள் சில நேரம் வரலாம். ஆனால் கீழே விழுந்த ஹார்ட் டிஸ்க் என்றால் அப்படிச் சோதித்துக்கூடப் பார்க்க வேண்டாம்.

சத்தம் சரியாக இருந்தால்

முதல் சந்தேகம் கேபிளின் மேல் இருக்கட்டும். மடங்கி மடங்கி உள்ளே அறுந்த கேபிள்கள் ஏராளம். வேறு நல்ல கேபிள், வேறு யுஎஸ்பி துளை, வேறு கம்ப்யூட்டர் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். பல துளை கொண்ட ஹப் வழியாகச் செருகாமல் நேரடியாகச் செருகுங்கள். சாதாரண யுஎஸ்பி 2 துளை 500 மில்லி ஆம்பியர் மின்சாரமும், யுஎஸ்பி 3 துளை 900 மில்லி ஆம்பியரும் தருகின்றன. பழைய துளையில் மின்சாரம் போதாமல் தவிக்கும் ஹார்ட் டிஸ்க், புதிய துளையில் ஓடக்கூடும். தனி அடாப்டர் உள்ள பெரிய ஹார்ட் டிஸ்க் என்றால், அதே வோல்ட் அளவுள்ள வேறு அடாப்டரைப் போட்டுப் பாருங்கள்.

அடுத்து, விண்டோஸில் 'ஸ்டார்ட்' பொத்தானில் வலது கிளிக் செய்து 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' பகுதியைத் திறங்கள். அங்கே ஹார்ட் டிஸ்க் சரியான கொள்ளளவோடு தெரிந்து, அதற்கு எழுத்து மட்டும் இல்லையென்றால், ஓர் எழுத்தைக் கொடுத்தால் போதும், திறந்துவிடும். 'ரா' என்று காட்டினால் கோப்புகளின் அட்டவணை சிதைந்திருக்கிறது என்று பொருள். புத்தகத்தில் பொருளடக்கம் கிழிந்தது போல; பக்கங்கள் உள்ளேதான் இருக்கும். ஆப்பிள் கம்ப்யூட்டரில் ஃபார்மட் செய்த ஹார்ட் டிஸ்கை விண்டோஸில் செருகினாலும் கோளாறு போலவே தெரியும். அதை ஆப்பிளில் செருகிப் பார்த்துவிடுங்கள்.

செய்யவே கூடாதவை

'ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்' என்று கம்ப்யூட்டர் கேட்கும். 'கேன்சல்' கொடுங்கள். 'இனிஷியலைஸ்' செய்யச் சொன்னாலும் அப்படியே.

'செக்டிஸ்க்' என்ற சரிபார்ப்பை ஓட்டாதீர்கள். அதன் வேலை அட்டவணையை ஒழுங்குபடுத்துவது. உங்கள் படங்களைக் காப்பாற்றுவது அல்ல. பழுதான டிஸ்கில் அது இருப்பதையும் கலைத்துவிடக்கூடும்.

ஃப்ரிட்ஜின் ஃப்ரீஸரில் வைத்து எடுப்பது, தட்டிப் பார்ப்பது, திருகைக் கழற்றித் திறப்பது எல்லாம் வேண்டாம். குளிரிலிருந்து எடுத்ததும் தகட்டில் நீர் பனிக்கும். திறந்தால் புகும் ஒரு தூசி, முனை மிதக்கும் உயரத்தைவிடப் பல மடங்கு பெரியது.

முதலில் பிரதி, பிறகு மீட்பு

சகோதரரின் வீட்டில் நடந்த தவறு இதுதான். பலவீனமான ஹார்ட் டிஸ்கிலேயே மீட்பு மென்பொருளை மணிக்கணக்கில் ஓட்டினார்கள். சரியான முறை, முதலில் டிஸ்க் முழுவதையும் அப்படியே வேறொரு நல்ல டிஸ்கில் பிரதி எடுப்பது. இதற்கு 'ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ' என்ற இலவச மென்பொருள் உண்டு. அது எளிதாகப் படிக்க முடிந்த பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, பழுதான இடங்களுக்குப் பிறகு திரும்பி வருகிறது. பாதியில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். எதிலிருந்து எதற்குப் பிரதி என்பதை மாற்றிக் கொடுத்துவிட்டால் இருப்பதும் போய்விடும் என்பதால், விவரம் தெரிந்தவரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு அந்தப் பிரதியில் 'டெஸ்ட்டிஸ்க்', 'ஃபோட்டோரெக்' போன்ற இலவச மென்பொருள்களை ஓட்டலாம். முன்னது தொலைந்த பகுதிகளைத் தேடித் தரும். பின்னது படங்களையும் ஒலிக் கோப்புகளையும் அவற்றின் வடிவத்தை வைத்து அடையாளம் கண்டு எடுக்கும். ஆனால் பழைய பெயரும் ஃபோல்டரும் இருக்காது. மீட்டவற்றை ஒருபோதும் பழைய டிஸ்கிலேயே சேமிக்காதீர்கள்.

கடையில் கொடுக்கும்போது

சத்தம் வரும் டிஸ்க்குக்கு, தூசியற்ற அறையும் மாற்று உதிரிப் பாகமும் உள்ள மீட்பு நிலையம்தான் வழி. செலவு அதிகம். எனவே முதலில் சோதனைக் கட்டணம் எவ்வளவு, மீட்க முடியாவிட்டால் எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. அந்த டிஸ்கில் நம் வீட்டுப் பெண்களின் நிக்காஹ் படங்கள் இருக்கும், ஆவணங்கள் இருக்கும். மீட்பவர் சரிபார்ப்பதற்காகக் கோப்புகளைத் திறக்க நேரிடும். ஆகவே யார் பார்ப்பார்கள், அவர்களிடம் உள்ள பிரதியை எப்போது அழிப்பார்கள் என்பதைத் தயங்காமல் கேளுங்கள். பழைய டிஸ்கையும் திரும்ப வாங்கிவிடுங்கள். கடைக்காரர்களாக இருக்கும் நம் இளைஞர்களுக்கும் சொல்கிறோம்: கையில் வந்த டிஸ்க் ஓர் அமானிதம்.

மிச்சம் கிடைத்தது

அந்தச் சகோதரருக்கு மீட்பு நிலையத்திலிருந்து ஏழு கேசட்டுகளின் பதிவு திரும்பக் கிடைத்தது. இதற்கிடையில் வெளியூரில் இருக்கும் அவருடைய லாத்தாவுக்குப் போன் செய்யச் சொன்னோம். எப்போதோ பேரனுக்குக் கேட்கக் கொடுப்பதற்காகப் பென் டிரைவில் ஏற்றிய இரண்டு பதிவுகள் அவரிடம் இருந்தன. மீதி இரண்டு போனது போனதுதான்.

யாரும் திட்டமிடாமல் லாத்தாவின் பீரோவில் கிடந்த அந்தப் பென் டிரைவ்தான் கம்ப்யூட்டர் துறையில் சொல்லும் '3-2-1' விதியின் பாடம். முக்கியமானவற்றுக்கு 3 பிரதிகள், 2 வகைச் சாதனங்களில், அவற்றில் 1 வேறு ஊரிலோ இணையச் சேமிப்பிலோ. ஹார்ட் டிஸ்கில் மட்டும் வைத்திருப்பது பேக்கப் ஆகாது. அதுவும் ஒரே பிரதிதான்.

இந்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வீட்டில் எல்லோரும் இருக்கும் நேரத்தில் அலமாரியில் உள்ள ஹார்ட் டிஸ்கை எடுத்துச் செருகிப் பாருங்கள். திறக்கிறது என்றால், பெற்றோரின் குரலும் பிள்ளைகளின் படங்களும் உள்ள ஃபோல்டர்களை மட்டுமாவது அன்றே இன்னோர் இடத்தில் பிரதி எடுத்துவிடுங்கள்.