மணிமேகலை வளர்ந்த வரலாறு

பெண்ணின் வாழ்வைப் பருவம் பருவமாகப் பகுத்துக் காணும் வழக்கம் நம் இலக்கியத்தில் தொன்றுதொட்டு உண்டு. பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்னும் ஏழு பெயர்களைப் பள்ளியில் மனனம் செய்தவர்கள், இன்று எந்த மாநிலத்தில் குடியிருப்பினும் அவற்றை மறந்திருக்க மாட்டார்கள். 5 முதல் 7 வயது வரை பேதை என்றும், 32 முதல் 40 வரை பேரிளம்பெண் என்றும் எல்லை வகுப்பர். நாற்பதைக் கடந்தவளுக்கு அவ்வரிசையில் பெயரே இல்லை! பருவம் என்னும் சொல்லைப் பிறமொழியில் பெயர்க்க முயன்றவர்கள் அதன் அருமையை அறிவர். வயது, காலம், பக்குவம் மூன்றும் அதனுள் அடங்கும். ஆயினும் உலா நூல்கள் இவற்றுள் வயதை மட்டுமே எடுத்துக்கொண்டன. தலைவன் வீதியில் பவனி வருகிறான்; ஏழு பருவத்துப் பெண்களும் கண்டு மயங்குகின்றனர். அவர்களுக்குப் பெயரில்லை, நேற்று இல்லை, நாளையும் இல்லை. பெண்பாற் பிள்ளைத்தமிழோ அம்மானை, நீராடல், ஊசல் என்று விளையாட்டுப் பருவத்தோடு நின்றுவிடுகிறது.

ஒரே பெண்ணைக் குழந்தைமை தொட்டுப் பின்தொடர்ந்து, அவள் பக்குவம் எய்துவதைக் காட்டும் காப்பியம் தமிழில் உண்டா என்று கேட்டால், கூலவாணிகன் சாத்தனார் இயற்றிய மணிமேகலையையே நாம் முதலில் சுட்டுவோம். அவளுடைய குழந்தைப் பருவத்தைக் காண மட்டும் சிலப்பதிகாரத்துக்குச் செல்ல வேண்டும். கோவலனுக்கும் மாதவிக்கும் மகள் பிறந்ததும், முதிய கணிகையர் கூடிப் பெயர்சூட்ட எண்ணியதும், தன் முன்னோன் ஒருவனைக் கடலில் காத்த தெய்வத்தின் பெயரைக் கோவலன் மகளுக்கு இட்டதும் அடைக்கலக் காதையில் மாடலன் வாய்மொழியாக வருகின்றன.

சாத்தனாரின் நூல் தொடங்கும்போது அவள் இளம்பெண். புகாரில் இருபத்தெட்டு நாள் இந்திரவிழா. நாடகக் கணிகையர் குலத்து மாதவியும் மகளும் ஆட வரவில்லை என்று ஊர் தூற்றுகிறது. பாட்டி சித்திராபதி தோழியை அனுப்புகிறாள். கோவலன் இறந்தபின் துறவு பூண்ட மாதவி, தன் மகளைக் கண்ணகியின் மகளாகவே கருதிவிட்டாள். ஆட விடமாட்டேன் என்கிறாள். அருகே மாலை தொடுத்துக்கொண்டிருந்த மணிமேகலையின் கண்ணீர் மலரில் வீழ்கிறது. அதுவரை அவளுக்காகப் பிறரே பேசுகின்றனர். பாட்டி ஒரு வாழ்வை வகுத்தாள். தாய் மற்றொன்றை வகுத்தாள். மகளின் கருத்து இன்னதென்று கேட்டவர் எவருமில்லை.

புதுமலர் கொய்ய உவவனம் சென்ற இடத்தில் அரசிளங்குமரன் உதயகுமரன் தேரில் துரத்தி வருகிறான். அவள் பளிங்கு மண்டபத்தில் ஒளிகிறாள். அவன் சென்றபின், அந்த அயலான் பின்னே தன் நெஞ்சும் சென்றதைச் சுதமதியிடம் மறைக்காமல் கூறுகிறாள். துறவியாகப் போகும் தலைவியை இவ்வாறு பேசவைத்த சாத்தனாரின் துணிவு நமக்கு வியப்பளிக்கிறது. ஆசையே அறியாதவள் அதனைத் துறந்தாள் என்பதில் என்ன பெருமை?

மணிமேகலா தெய்வம் அவளை எடுத்துச்சென்று மணிபல்லவத் தீவில் விடுகிறது. கண்விழிக்கும் பெண் தாயையும் தோழியையும் காணாது கரையெங்கும் கூவி அழுகிறாள். குழந்தைமை அங்கேதான் முடிகிறது. முற்பிறப்பில் உதயகுமரன் தன் கணவனாயிருந்ததை அறிகிறாள். வேற்றுருக் கொள்ளும் மந்திரமும் பெறுகிறாள். இளம்பெண் என்பதால் சமயவாதிகள் தத்தம் நூற்பொருளை அவளுக்கு உரைக்கமாட்டார்கள். ஆகவே அம்மந்திரம் வேண்டும் என்று தெய்வமே சொல்வதைப் படிக்கையில் நாம் சற்று நின்றுவிடுகிறோம்.

அதே தீவில் கோமுகிப் பொய்கையிலிருந்து அமுதசுரபி அவள் கைக்கு வருகிறது. அதற்கு முன் அதனை ஏந்தியவன் ஆபுத்திரன். காசியிலிருந்து குமரிக்குத் தீர்த்தயாத்திரை வந்த அந்தணமாது வழியில் ஈன்று கைவிட்ட மகவு அவன். பசு பாலூட்டிக் காத்தது. வடக்கும் தெற்கும் இவ்வாறு ஒரு பாத்திரத்தில் கலக்கின்றன. புகாருக்கு மீண்ட மணிமேகலை, கற்பிற் சிறந்த ஆதிரையிடம் முதற்பிச்சை பெற்று, ஊரின் பசியைத் தீர்க்கத் தொடங்குகிறாள். ஆடரங்குக்கு வரவில்லை என்று எந்த ஊர் தூற்றியதோ, அந்த ஊர் இப்போது அவள் முன் உணவுக்காக நிற்கிறது. அரசன் அழைத்து, யாது வேண்டும் என்கிறான். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குக என்கிறாள். அவள் தனக்கெனக் கேட்டது ஒன்றுமில்லை.

உதயகுமரன் விடவில்லை. அவனுக்கு அஞ்சி, காயசண்டிகை என்பவளின் உருவை மணிமேகலை மேற்கொள்கிறாள். மனைவி அயலானோடு பழகுகிறாள் என்று மயங்கிய காஞ்சனன் உதயகுமரனை வாளால் வீழ்த்துகிறான். அவள் கொண்ட வேடமே ஓர் உயிரைக் கொண்டது. அவள் அழுது, உடலருகே செல்ல முற்படுகையில் கந்திற்பாவை தடுக்கிறது. நூலில் நம்மை மிகவும் உலுக்கும் இடம் இதுவே. அவளுடைய துறவுக்குக் கொடுத்த விலையைச் சாத்தனார் மறைக்கவில்லை. மகனை இழந்த அரசமாதேவி அவளைச் சிறையிலிட்டுத் துன்புறுத்தியும் வெல்ல முடியாது, முடிவில் அவளிடமே அறம் கேட்கிறாள்.

பின்னர் அவள் வஞ்சி மாநகர் சென்று, ஆண் துறவியின் வடிவில் பல சமயத்தார் கூற்றுகளையும் கேட்கிறாள். அப்பகுதியும், காஞ்சியில் அறவண அடிகள் அளவை நெறி உரைக்கும் பகுதியும் கடினமானவை. கதைக்காகப் படிப்போர் முதல்முறை அவற்றைக் கடந்து சென்றால் குற்றமில்லை. 1898-ஆம் ஆண்டு இந்நூலை முதன்முதலாக உரைக்குறிப்புடன் பதிப்பித்த டாக்டர் உ. வே. சாமிநாதையரே பௌத்த சமயக் கருத்துகளை அரிதின் முயன்று கேட்டறிந்த பின்னரே அதனை வெளியிட்டார்.

வஞ்சியில் துறவியாய் வாழும் தந்தைவழிப் பாட்டன் மாசாத்துவானைச் சந்திக்கிறாள். பிறந்த புகாரைக் கடல் கொண்டதையும், தாயும் அறவண அடிகளும் காஞ்சி சென்றதையும் அறிகிறாள். பஞ்சத்தில் வாடிய காஞ்சியில் அமுதசுரபியால் உணவளித்த பின், அறவணரை வணங்கி மெய்ப்பொருளை உணர்த்துமாறு வேண்டுகிறாள். வேற்றுருவில் பல சமயங்களைக் கேட்டதாகவும், அந்த உருவைப் போலவே அவையும் செவ்விதாக இல்லாமையால் மனத்தில் கொள்ளவில்லை என்றும் அவரிடம் கூறுகிறாள். அறவணர் உரைக்கத் தொடங்குகிறார்.