நதிநீர்ப் பங்கீடு: ஆற்றுக்கு ஓர் அளவை!

புது தில்லி: காவிரியில் பங்கிடப்பட்ட நீர் 740, ராவி, பியாஸ் நதிகளில் பங்கிடப்பட்டது 17.17. எண்களை மட்டும் பார்த்தால் காவிரி பல மடங்கு பெரிது. ஆனால், இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு நீர்தான்.

காவிரிக் கணக்கு டி.எம்.சி.யில், அதாவது நூறு கோடி கன அடியில் சொல்லப்படுகிறது. ராவி, பியாஸ் நீர் குறித்துப் பஞ்சாப், ஹரியாணா, ராஜஸ்தான் ஆகியவை 1981 டிசம்பரில் செய்துகொண்ட உடன்பாட்டிலோ அலகு பத்து லட்சம் ஏக்கர் அடி. ஓர் ஏக்கர் நிலத்தில் ஓரடி உயரம் நிற்கும் நீரே ஏக்கர் அடி. பத்து லட்சம் ஏக்கர் அடி என்பது 43.56 டி.எம்.சி. ஆக, 17.17 என்பது சுமார் 748 டி.எம்.சி.

யமுனை நீர் குறித்து தில்லி உள்ளிட்ட ஐந்து அரசுகள் 1994-ல் செய்த ஒப்பந்தம் மெட்ரிக் முறையில் அமைந்தது. அதில் தில்லியின் பங்கு 72.4 கோடி கன மீட்டர், சுமார் 25.6 டி.எம்.சி. அதே தில்லியில் குடிநீர் விநியோகக் கணக்கு கேலனில்!

மெட்ரிக் அளவைகளுக்கான சட்டம் 1956-லேயே நிறைவேறியது. பாலும் பெட்ரோலும் லிட்டருக்கு மாறின. ஆறுகள் முழுமையாக மாறவில்லை. சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் 1924-ல் செய்த காவிரி உடன்பாடு கன அடியில் எழுதப்பட்டது. பின்னர் வந்த நடுவர் மன்றமும் உச்ச நீதிமன்றமும் அதே வழியில் சென்றன.

மத்திய நீர் ஆணையத்தின் அணை நிலவர அறிக்கையோ மெட்ரிக்கில் வெளிவருகிறது. மேட்டூரின் 93.47 டி.எம்.சி. அதில் 2.647 நூறு கோடி கன மீட்டராகிவிடுகிறது.

ஒரு டி.எம்.சி. 2.8317 கோடி கன மீட்டர். இதை 2.8 கோடி என்று சுருக்கினால் என்னவாகும்? பிலிகுண்டுலுவில் தமிழகத்துக்கு ஆண்டுதோறும் தர வேண்டியதாக உச்ச நீதிமன்றம் 2018-ல் நிர்ணயித்த 177.25 டி.எம்.சி.யில் ஏறக்குறைய 2 டி.எம்.சி. தாளிலேயே காணாமல் போகும். ஒவ்வொரு டி.எம்.சி.க்கும் வழக்காடும் மாநிலங்களுக்கு இது சிறு பிழையல்ல.

நாடாளுமன்ற விவாதங்களில் தென் மாநில உறுப்பினர்கள் டி.எம்.சி.யிலும், வட மாநில உறுப்பினர்கள் ஏக்கர் அடியிலும் வாதிடுவது வழக்கம். எந்த மாநிலத்துக்கு எவ்வளவு என்பதைக் குடிமக்கள் ஒப்பிட்டுப் பார்க்க, ஒவ்வோர் ஆவணத்திலும் கன மீட்டர் அளவையும் உடன் அச்சிட்டாலே போதும். இதற்குப் புதிய சட்டமோ நடுவர் மன்றமோ தேவையில்லை.